பல்கேரியா ஒரு யூதரைக்கூட ஒப்படைக்கவில்லையா?

"இரண்டாம் உலகப் போரில் பல்கேரியா ஒரு யூதரைக்கூட நாஜிகளிடம் ஒப்படைக்கவில்லை" என்று பரவும் தகவல் தவறு. போருக்கு முந்தைய பல்கேரிய எல்லைக்குள் வாழ்ந்த சுமார் 48,000 யூதர்கள் தப்பியது உண்மைதான். ஆனால் பல்கேரியா ஆக்கிரமித்திருந்த, யூகோஸ்லாவியாவின் பகுதியான மாசிடோனியாவில் நடந்ததோ கொடுமை. 1943 மார்ச் 11 விடியற்காலையில் பல்கேரியப் படையினரும் போலீசாருமே யூதர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரில் 'மொனோபோல்' புகையிலைக் கிடங்கில் அடைக்கப்பட்ட 7,000-க்கும் மேற்பட்டோரை ரயில்கள் நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோயின.

மாசிடோனியாவின் பித்தோலா நகரில் எஸ்த்ரேயா ஒவாத்யா என்ற யூத இளம்பெண் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டு, சில தோழியருடன் ஒரு சின்ன சிகரெட் கடைக்குள் பதுங்கினார். பிறகு 'மாரா' என்ற பெயரில் பார்ட்டிசான் எனப்பட்ட எதிர்ப்புக் கெரில்லாப் படையில் சேர்ந்தார். 1944 ஆகஸ்ட் 26 அன்று கைமக்சலான் மலையில் பல்கேரியப் படையுடன் நடந்த சண்டையில் உயிரிழந்தார். வயது 21. யூகோஸ்லாவியா 1953-இல் அவரை 'மக்கள் நாயகர்' என அறிவித்தது.