கங்காவைக் கூண்டில் ஏற்றியது போதும்

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். யார் பேசினார்கள், எந்த அமைப்பு நடத்தியது என்றெல்லாம் மறுபடி சொல்லத் தேவையில்லை. "தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய் உருகுகிற ஒருத்தியின் கதை, இதையெல்லாம் இன்னும் கொண்டாடணுமா?" என்று ஒருவர் கேட்டார். கைதட்டல் விழுந்தது. அதற்குப் பிறகு மைக் பிடித்த ஒவ்வொருவரும் நாவலின் நாயகி கங்காவுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். ஒருவருக்கு அவள் மனநோயாளி. இன்னொருவருக்கு அடிமைப் புத்தி. மூன்றாமவர் முழுப் புத்தகத்தையும் 'டாக்ஸிக் ரிலேஷன்ஷிப்' என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வருகிறேன். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் கங்கா எடுக்கும் முடிவு வேறு, அந்த நாவல் எடுக்கும் நிலை வேறு. கல்லூரி நாளில் தன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்த பிரபுவை கங்கா தேடிப் போகிறாள். அது சரி என்று நாவல் எங்கேயும் சொல்லவில்லை. அவளை அந்த இடத்துக்குத் தள்ளியது யார் யார் என்பதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

இந்த நாவல் பிறந்ததே வாசகர்கள் சொன்ன தீர்ப்பிலிருந்துதான். 1966ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை நாள், கல்லூரி வாசல், பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு ஏழைப் பெண், ஒரு பெரிய கார். காரில் வந்தவன் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அந்த அம்மா பதறுகிறாள், அடிக்கிறாள். ஆனால் அக்கம்பக்கத்துக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, உன் மேல் கறை எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். கதை அவ்வளவுதான். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று பெரிய சண்டையே நடந்தது.

அதற்கு ஜெயகாந்தன் கொடுத்த பதில்தான் நாவல். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 1970ல் இப்போதைய பெயரில் புத்தகமானது. 1972ல் சாகித்ய அகாதெமி விருது. சிறுகதையின் அம்மா செய்ததை அம்மா செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அதன் அஸ்திவாரம். இங்கே அம்மா கனகம் கூச்சல் போடுகிறாள், வீட்டுக்கே தெரிந்துபோகிறது, அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். சிறுகதை நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாக வருகிறது. பல வருஷம் கழித்து, உத்தியோகத்தில் இருக்கிற கங்கா அதைப் படிக்கிறாள். கனகமும் படிக்கிறாள். அந்தக் கதையில் வரும் அம்மா மாதிரி நான் இருக்கவில்லையே என்று உடைந்துபோகிறாள். அந்த இடத்தை ஒரே ஒரு தடவை நிதானமாகப் படித்திருந்தால், ஞாயிறன்று பேசியவர்களில் பாதிப் பேர் பேசியிருக்க மாட்டார்கள்.

அன்று அந்தப் பெண்ணைத் தண்டிக்கச் சொன்னவர்களுக்கு, தண்டித்தால் அவள் என்ன ஆவாள் என்று காட்டிய புத்தகம் இது. அதைப் படித்துவிட்டு மறுபடியும் அவளுக்கே தண்டனை கொடுக்கிறீர்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். "காரில் நடந்தது வன்முறை, அதை வன்முறை என்று நாவல் சொல்லவில்லை" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதை நான் ஒதுக்கமாட்டேன். அந்தச் சம்பவத்தை எழுதிய விதத்தில் அவளுடைய பயமும் மிரட்சியும் திகைப்பும் கலந்து கிடக்கின்றன. இன்று எழுதுகிறவர்கள் இன்னும் தெளிவாக எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். அது வன்முறைதான். அதில் எனக்கு உங்களோடு தகராறு இல்லை. ஆனால் நாவலின் பெரும்பகுதி கங்காவின் மனசுக்குள்ளிருந்து வருகிறது. நான் ஏன் கத்தவில்லை என்று தன்னையே குடைந்துகொள்கிற ஒருத்தியின் மனசு அது. தனக்கு நடந்ததற்குப் பெயர் வைக்கத் தெரியாதவள் பேசுகிறாள். அவள் தன்மேல் போட்டுக்கொள்கிற பழியை ஆசிரியர் அவள்மேல் போட்ட பழியாக எடுத்துக்கொண்டால், முதல் அத்தியாயத்திலேயே தடம் மாறிவிடும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

"பிரபுவை நல்லவனாகக் காட்டிவிட்டார்" என்பது அடுத்தது. இல்லை. பணக்கார வீட்டில் மதிப்பில்லாமல், குடித்துக்கொண்டு, எதற்கும் பொறுப்பெடுக்காமல் திரிகிற ஆள் அவன். ஒரு பெண்ணின் வாழ்க்கை தன்னால் திசைமாறியது என்பதே அவனுக்குப் பல வருஷமாகத் தெரியாது. வில்லனாக வரைந்திருந்தால் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கெட்டது செய்தவன் சாதாரண மனுஷனாகவும் இருப்பான் என்பதுதானே இதில் பயமே! அவளோடு அவனுக்கு ஏற்படுவது உடல் உறவும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஊர் பார்வையில் மட்டும் அவனுக்கு 'வைப்பு' என்ற பெயரை அவள் விரும்பியே சுமக்கிறாள். அவனுடைய மகள் மஞ்சுவோடு பழகுகிறாள். கடைசியில் அவன் விலகிப் போய்விட, கங்கா குடிக்கத் தொடங்குகிறாள். இந்த முடிவைப் படித்துவிட்டு இது காதலைக் கொண்டாடுகிற நாவல் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

ஆண் எழுதிய பெண் மனசு என்கிறவர்களுக்கு: நியாயம், பெண்கள் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

படம் பார்த்தேன், அது போதும் என்பவர்களுக்கு: போதாது. 1977ல் பீம்சிங் எடுத்த படம் நல்ல படம். திரைக்கதையும் ஜெயகாந்தனுடையதே. லட்சுமிக்குத் தேசிய விருது, ஆர்.கே.வி.யாக நாகேஷ், பிரபுவாக ஸ்ரீகாந்த். ஆனால் படத்தில் கங்காவின் முகம் தெரியும். அவள் தனக்குள் வாதாடுவது அவ்வளவாகத் தெரியாது. புத்தகமே அந்த வாதம்தான்.

ஒழுங்காகப் படிக்க நினைப்பவர்களுக்கு வரிசை சொல்கிறேன். முதலில் சிறுகதை. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதில் சூயிங்கம் வரும் இடத்தைக் கவனியுங்கள். கார்க்காரன் கொடுத்ததை வீட்டுக்கு வந்தும் மென்றுகொண்டு நிற்கிறாள், அம்மா துப்பச் சொல்கிறாள். அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம் நாவலுக்கு ஜெயகாந்தன் எழுதிய முன்னுரை. அதைத் தாண்டிப் போகாதீர்கள். அப்புறம் நாவல். பிராமண வீட்டுப் பேச்சு வழக்கு முதல் ஐம்பது பக்கம் சிலருக்குத் தடுக்கும், பிறகு பழகிவிடும். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஒன்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்: இந்தப் பக்கத்தில் அவளை யார் தொடுகிறார்கள்.

குறித்துக்கொண்டே வந்தால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். அது பிரபு இல்லை.

வெங்கு மாமா. கனகத்தின் அண்ணன். வக்கீல், சாஸ்திரம் படித்தவர், நாலு பேர் மதிக்கிற பெரியவர். துரத்தப்பட்ட கங்காவைத் தூக்கி வந்து படிக்க வைத்தவர். பாசம் என்ற பெயரில் முதுகைத் தடவுகிறவரும் அவரே. வருஷக்கணக்கில் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறவரும் அவரே. நீ ஒருத்தனுக்கு வைப்பாட்டியாகத்தான் இருக்க முடியும், பெண்டாட்டியாக இருக்க முடியாது என்று அவளுக்கு விதி எழுதுகிறவரும் அவரே. முடிந்தால் அவனைக் கண்டுபிடி பார்க்கலாம் என்ற சவாலும் அந்த வாயிலிருந்தே வருகிறது. கங்கா பிரபுவைத் தேடிக் கிளம்புவது அதற்குப் பிறகுதான். காதலுக்காக இல்லை. இந்த மனுஷனிடமிருந்து தப்பிக்க, இவர் சொன்ன சொல்லையே எடுத்து இவர் முகத்தில் எறிவதற்காக. வீட்டுக்குள் இருக்கிற கையைவிட வெளியில் இருக்கிற கெட்ட பெயர் பாதுகாப்பு என்று ஒரு பெண் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கைப் போட வைத்தது எது என்றுதானே நாம் பேசியிருக்க வேண்டும்?

அவ்வளவு நேரக் கூட்டத்தில் வெங்கு மாமாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. கணேசன் பெயரும் வரவில்லை. கங்காவுக்கு அடிமைப் புத்தி என்றவர், அவளுக்குச் சோறு போட்ட கை என்ன செய்தது என்பதைச் சொல்லவில்லை. பிரபுவைத் திட்டுவது சுலபம். காரில் வந்தவன், அந்நியன், பணக்காரன். மாமாவைத் திட்டினால் அவரவர் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டிவரும்.

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் "எனக்கு அந்த மாமா பாத்திரம்தான்..." என்று ஆரம்பித்தார். ஞாபகம் இருக்கிறதா? "அது கிளைக்கதை, மையத்துக்கு வாங்க" என்று நிறுத்திவிட்டார்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. இதை யாரும் எழுதவில்லை. எல்லோரும் கங்காவின் புத்தியைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

"ஒரு நாவலுக்கு இவ்வளவு கோபமா?" என்று கமெண்ட்டில் கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

அடுத்த மாதம் இதே நாவலுக்கு இரண்டாம் அமர்வு வைக்கிறார்களாம். நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வெங்கு மாமா வருகிற அத்தியாயங்களை முதலில் எடுங்கள். பிரபு வருவதற்கு முன்னால் எடுங்கள். அன்று நிறுத்தப்பட்ட அந்தப் பெண் வந்தால் அவரை முதலில் பேசவிடுங்கள். அவர் முடிக்கும்வரை யாரும் மையத்துக்கு வாங்க என்று சொல்ல வேண்டாம்.