குசினியும் கூஸினாவும்

போன மாதம் மகளின் பள்ளியில் "கிரேக்க நாள்" வைத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் கட்டில் விரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் இலை வளையத்தோடு போனார்கள். ஸீயஸ், அதீனா, ஹெர்குலிஸ் கதைகள் கேட்டார்கள். மத்தியானம் ஆளுக்கு இரண்டு ஒலிவ் காயும் ஒரு துண்டு வெள்ளைச் சீஸும் கொடுத்தார்களாம். ஆசிரியர்கள் பாடுபட்டுத்தான் செய்திருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், "அம்மா, யாயா கிரேக்கம்தானே, யாயாவைப் பற்றி ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாயா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கிரேக்கத்தில் யாயா என்றால் பாட்டி. அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் அந்த ஒரே சொல்தான். லெஸ்வோஸ் தீவில் பிறந்து, 1960களில் 'பத்ரிஸ்' என்ற கப்பலில் ஏறி மெல்பேர்ணுக்கு வந்தவர். பத்ரிஸ் என்றால் தாய்நாடு. ஊரை விட்டுப் போகிறவர்களை ஏற்றிவந்த கப்பலுக்குத் தாய்நாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கனத்துப்போகும். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "குசினியில் அடுப்பு எரியுது, வாறேன்" என்று கணவரிடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கூஸினாவா? எங்கள் சொல்லை எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டார். கிரேக்கத்தில் சமையலறைக்குக் கூஸினா என்றுதான் பெயர். வெனிஸ்காரர்களிடமிருந்து அவர்களுக்குப் போன சொல். எங்களுக்குக் குசினி போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. இரண்டுக்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல். எங்கள் பழக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இன்னொரு மக்களைக் காட்ட வேண்டுமென்றால் அவர்களுடைய சாப்பாட்டை அவர்களுடைய நாளில், அவர்கள் சமைக்கும் காரணத்தோடு சமையுங்கள். கிரேக்க ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவ வீடுகளில் எதைச் சமைப்பது என்பதை நாட்காட்டிதான் முடிவு செய்கிறது. எந்த நாளில் இறைச்சி இல்லை, எந்த நாளில் மீன், எந்த நாளுக்கு எந்தப் பாண், எல்லாம் அதில் இருக்கிறது. ஏதோ ஒரு சனிக்கிழமை மூஸாகா (கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுடுவது) செய்தால் அது இன்னொரு கறி, அவ்வளவுதான். லகானா என்ற பாணைச் 'சுத்தத் திங்கள்' அன்று பிசைந்து பாருங்கள், "ஏன் இன்றைக்கு?" என்று பிள்ளை தானே கேட்கும். பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு வாரம் போதாது.

நாங்கள் தொடங்கியது 2024 மார்ச் 18. அந்த ஆண்டு அவர்களுக்குச் சுத்தத் திங்கள் அன்றுதான், ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பின் முதல் நாள். லகானா என்பது அந்த ஒரு நாளுக்கென்றே செய்யும் தட்டைப் பாண். விரல் நுனிகளால் குழி குழியாக அமுக்கி, மேலே நிறைய எள் தூவிச் சுடுவது. குழி போடும் வேலையை ஆறு வயதுக்காரியிடம் முழுசாக விட்டுவிட்டேன். அவள் போட்ட குழிகளில் பாதி ஓட்டையாகிவிட்டது, சுட்டபிறகு அந்த ஓட்டைகளின் ஓரம்தான் நல்ல மொறுமொறுப்பாக இருந்தது. அன்றைக்குப் பட்டமும் விடுவார்கள். கிரேக்கப் பட்டத்துக்கு ஆறு மூலை. என் கணவர் பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக்காரர், பட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மூங்கில் தேடப் போய்விட்டார். அவர்களுக்கு அது வசந்தம், மெல்பேர்ணில் இலையுதிர் காலம், ஆனாலும் காற்று நன்றாகவே இருந்தது.

அந்த வாரம் யாயா சொல்லித்தந்ததுதான் கீரா சரகோஸ்தி. நோன்பு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை மா, உப்பு, தண்ணீர் மட்டும் சேர்த்துப் பிசைந்து ஒரு பெண் உருவம் செய்ய வேண்டும், உப்பு அதிகம் போட்டால் கெடாது. அவளுக்குக் கைகள் நெஞ்சில் குறுக்கே கட்டியிருக்கும், ஏனென்றால் பிரார்த்தனை செய்கிறாள். வாய் கிடையாது, ஏனென்றால் நோன்பு இருக்கிறாள். கால்கள் ஏழு, ஈஸ்டர் வரைக்கும் ஏழு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு காலை வெட்டிவிட வேண்டும். காலண்டர் வாங்கக் காசில்லாத, எழுத்து வாசிக்கத் தெரியாத வீடுகளிலும் பிள்ளைகள் நாளைக் கண்ணால் பார்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் மகளுக்கு வாய் இல்லாததுதான் தாங்கவில்லை. "பசித்தால் எப்படிச் சொல்லுவா?" என்று கேட்டாள். நோன்பு என்றால் என்னவென்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா கந்தசஷ்டி பிடிப்பதை இரண்டு பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள், "அம்மம்மாவும் வாயில்லாமல்தான் இருந்தவா" என்றான் மூத்தவன். இறைச்சி, பால், முட்டை ஒன்றும் இல்லை, ஆனால் இறாலும் கணவாயும் சாப்பிடலாம் என்ற விதி மட்டும் அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரத்தம் இல்லாத உயிர்கள் என்று கணக்கு, அதனால் அனுமதி.

ஆறாவது காலை வெட்டிய நாள் லாசரஸ் சனி. இயேசு எழுப்பிய லாசரஸின் பெயரில் குட்டி மனிதர்கள் போலப் பாண் சுடுவார்கள், கறுவா போட்டு, கைகளைக் குறுக்கே மடித்து, கண்ணுக்கு இரண்டு கராம்பு வைத்து. வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை உருவம் செய்வது வழக்கம். பக்கத்து வீட்டில் இப்போது பிள்ளைகள் இல்லை, எல்லாரும் வளர்ந்து வேறு வேறு நகரங்களில். அதனால் அந்த ஆண்டு யாயா இரண்டே இரண்டு செய்தார், என் பிள்ளைகளுக்கு. எனக்கு அதைப் பற்றி இதற்குமேல் எழுத முடியவில்லை.

அப்புறம் முட்டை. அந்த ஆண்டு பள்ளியில் சொக்லேட் முட்டை கொடுத்தது மார்ச் 31க்கு, யாயா வீட்டு ஈஸ்டரோ மே 5. ஓர்த்தடொக்ஸ் சபைகள் ஈஸ்டர் நாளைப் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் பல ஆண்டுகளில் இப்படி விலகிப்போகும். ஒரே பண்டிகைக்கு இரண்டு தேதி இருக்கலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம் என்பதை ஒன்பது வயதுப் பையன் வெங்காயத் தோல் உரித்துக்கொண்டே புரிந்துகொண்டான். ஆமாம், வெங்காயத் தோல். பதினைந்து மண்ணிற வெங்காயத்தின் காய்ந்த தோலைத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடித்து, ஆறவைத்து, கொஞ்சம் வினாகிரி ஊற்றி, அதில் முட்டைகளை மெல்லிய தீயில் அவித்தால் ஆழ்ந்த சிவப்பு ஏறும். காய்ந்ததும் ஒலிவ் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பளபளக்கும். இதை ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்றுதான் செய்வார்கள். முதலில் சாயம் ஏறிய முட்டை மாதாவுக்கு, அதை அடுத்த ஆண்டு வரைக்கும் படத்தடியில் வைத்திருப்பார்கள். ஈஸ்டர் இரவில் ஆளுக்கொரு முட்டையைக் கையில் பிடித்து, ஒருவர் "ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி" என்று சொல்லி மற்றவர் முட்டையில் மோதுவார், மற்றவர் "அலிதோஸ் அனேஸ்தி" என்பார். கிறிஸ்து உயிர்த்தார், மெய்யாகவே உயிர்த்தார். உடையாத முட்டைக்காரருக்கு ஆண்டு முழுக்க நல்ல காலம்.

ஈஸ்டர்ப் பாணான சுரேக்கியில் மஸ்திஹா போடுவார்கள். கியோஸ் தீவின் தென்பகுதியில் மரப்பட்டையைக் கீறிவிட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து இறுகும் பிசின் அது. கண்ணீர் என்றுதான் அந்தச் சொட்டுகளுக்குப் பெயர். அந்த மரம் வேறு இடங்களிலும் வளரும், ஆனால் இந்தப் பிசினுக்குப் பேர்போனது அந்தப் பகுதி மட்டும்தான். 2014இல் யுனெஸ்கோ அந்தத் தொழிலறிவைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தது என்னவோ 'நீர்மூழ்கி': ஒரு கரண்டி மஸ்திஹா இனிப்புப் பசையைக் குளிர்ந்த தண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கிவிட்டு, நக்கிச் சாப்பிட்டு, தண்ணீரைக் குடிப்பது. வெயில் காலத்தில் தினமும் கேட்பார்கள்.

எங்கள் வீட்டை உலுக்கிய கறி சுட்சுகாக்யா. சீரகமும் உள்ளியும் சேர்த்து நீள உருண்டையாகப் பிடித்த இறைச்சி, தக்காளிக் குழம்பில். "நம்மட சீரகம்!" என்று மகள் கத்தினாள். இது ஸ்மிர்னாவின் கறி, இன்று துருக்கியில் இஸ்மிர் என்கிறார்கள். யாயாவின் அம்மா அந்தக் கரையில் இருந்த அய்வாலி ஊர்க்காரி, லெஸ்வோஸிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம். கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில், 1922 செப்டெம்பரில் ஸ்மிர்னா எரிந்தது, 1923இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் நாடுகள் கையெழுத்துப் போட்டன, சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்கும், மூன்றரை, நான்கு இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்கும் என்று மக்களையே மாற்றிக்கொண்டார்கள். யாயாவின் அம்மா சிறுமியாகப் படகில் வந்தவர், தூரத்தில் தெரிகிற தன் ஊருக்குக் கடைசிவரை திரும்பிப் போகவில்லை. இதை யாயா சொன்ன அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக என் பிள்ளைகளுக்கு 1995 ஒக்டோபர் பற்றிச் சொன்னேன், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஓரிரவில் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது, மழை, என் அம்மா புட்டுக்குழலைச் சீலையில் சுற்றி எடுத்துவந்தது எல்லாம். இத்தனை வருடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இன்னொருவருடைய சட்டியின் முன்னால் நின்றபோது தானாக வந்தது.

கடவுள் கதைகளோடு மட்டும் நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருப்பதும் இதனால்தான். சோக்ரதீஸ் தக்காளியைக் கண்டதே இல்லை, அது அமெரிக்காவிலிருந்து பல நூற்றாண்டு கழித்து வந்தது. மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றிய இன்றைய மூஸாகாவைப் பரப்பியவர் 20ஆம் நூற்றாண்டுச் சமையல்காரர் நிக்கோலாஸ் செலெமென்தேஸ், அவருடைய பெயரே கிரேக்கத்தில் சமையல் புத்தகத்துக்குப் பெயராகிவிட்டது. இந்த மக்களுக்கு நேற்று நடந்ததும் உண்டு, இன்றைக்கும் அவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் பளிங்குச் சிலையை மட்டும் காட்டினால் பிள்ளை அவர்களை இறந்துபோனவர்கள் என்றே நினைக்கும்.

சரி, மெல்பேர்ணின் ஓக்லி மாதிரிக் கிரேக்கக் கடைத்தெரு பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஃபெட்டாவைத் தேடி அலையாதீர்கள். உண்மையான ஃபெட்டா கிரேக்கத்தில் குறைந்தது 70 வீதம் செம்மறிப் பாலில் செய்வது, ஐரோப்பாவில் 2002இலிருந்து அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, பசுப்பாலில் செய்தது வேறு சீஸ். ஃபாக்கேஸ் என்ற பருப்புச் சூப் செய்யுங்கள். தோல் உரிக்காத மைசூர்ப் பருப்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் வெங்காயம், உள்ளி, பிரிஞ்சி இலை, கொஞ்சம் தக்காளி, தாராளமாக ஒலிவ் எண்ணெய் சேர்த்து அவித்து, கோப்பையில் ஊற்றியபிறகு வினாகிரி விடுவது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், தாளிக்காதீர்கள். மிளகாய்த்தூள் போடாதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். எங்கள் ருசிக்கு மாற்றிவிட்டால் பிள்ளைக்கு எங்கள் பருப்பு மட்டும்தான் கிடைக்கும், அதுதான் நாளும் கிடைக்கிறதே. முதல் நாள் முகம் சுளிக்கட்டும், மூன்றாம் தடவை வினாகிரிப் போத்தலைத் தானே எடுக்கும்.

2025 பெப்ரவரியில் யாயாவின் கணவர் காலமானார். நாற்பதாம் நாளுக்குக் கோலிவா செய்ய வேண்டும், உதவிக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார், பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார். முழுக் கோதுமையை அவித்து, வடித்து, வெள்ளைத் துணியில் இரவு முழுக்கப் பரப்பி ஈரம் போக்கி, காலையில் எள், பாதாம், முந்திரிகை வற்றல், மாதுளை முத்து, கறுவா எல்லாம் கலந்து, மேலே வறுத்த மாவும் பொடித்த சீனியும் தடவி, பாதாமால் சிலுவை வைப்பது. மண்ணில் விழுந்த கோதுமை மணி திரும்ப முளைக்கும் என்பது அதன் பொருள். அந்தியேட்டி வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததைப் பார்த்த மூத்தவன் எள் கிண்ணத்தை எடுத்துக்கொடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் மாதுளையை உதிர்த்தாள், கை முழுக்கச் சிவப்பு.

அந்த ஆண்டு இரண்டு ஈஸ்டரும் ஒரே நாளில், ஏப்ரல் 20. துக்க வீட்டில் முட்டைக்குச் சாயம் போட மாட்டார்கள், சுரேக்கி சுட மாட்டார்கள், அயலவர்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் ஊரிலும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் அயலட்டைதான் சாப்பாடு கொண்டுபோகும், பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். பெரிய வியாழன் காலை குசினியில் வெங்காயத் தோல் கொதிக்கும் மணம் வந்து எழும்பினேன். இரண்டு பேரும் எனக்கு முதலே எழும்பி, நான் வரும்வரை அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு முட்டை. இரண்டு வெடித்துவிட்டது. மிச்சம் பத்தையும் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பனையோலைப் பெட்டியில் வைத்து, வேலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். யாயா பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சாயம் ஒட்டிய நான்கு கைகளையும் தன் கைகளுக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "யா ஸ்தா ஹேர்யா ஸாஸ்" என்றார். சமைத்தவரைப் பார்த்துக் கிரேக்கர் சொல்வது. உங்கள் கைகளுக்குச் சுகம் உண்டாகட்டும் என்று அர்த்தம்.