பஞ்சுவுக்கு அம்மாவின் தமிழும் தெரியணும்

சிலிண்டர் போட வந்த தம்பிக்காக அம்மா கேட்டைத் திறந்த அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் சின்ன நாய் பஞ்சு தெருவுக்கு ஓடிவிட்டது. நான் ஆபீஸில், மகள் ஸ்கூலில். பெரம்பூரில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். எதிரே தண்ணி லாரி வந்துகொண்டிருந்திருக்கிறது. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு "பஞ்சு, வாடி, உள்ள வந்துரு, வாம்மா" என்று கத்தியிருக்கிறார். அது நின்று, திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் ஓடியிருக்கிறது. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தம்பிதான் பாய்ந்து பிடித்துத் தூக்கிவந்து அம்மா கையில் கொடுத்தார்.

சாயங்காலம் நான் வந்தபோதும் அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. "அந்த நேரத்துல இங்கிலீஷ் வாயில வரலம்மா. நான் கூப்பிட்டா அதுக்குப் புரியவே இல்ல" என்றார். எழுபத்திரண்டு வயசு. பகல் முழுக்கப் பஞ்சுவோடு இருப்பவர் அவர். சோறு வைப்பவரும் அவர்தான்.

பஞ்சு குட்டியாக இருந்தபோது வந்த ட்ரெய்னர், "வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்ல மட்டும் சொல்லுங்க, ரெண்டு பாஷை பேசினா நாய் குழம்பிடும்" என்றார். நாங்கள் கேள்வி கேட்காமல் நம்பினோம். மகளும் நானும் சிட், கம், ஸ்டே, நோ என்று பழக்கினோம். அம்மாவை யாரும் யோசிக்கவே இல்லை. இதே பேச்சை இன்னும் பல வீடுகளில் கேட்கிறேன். அது தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாய்க்கு 'சிட்' என்பது இங்கிலீஷ் இல்லை. ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு செயல், அதற்கப்புறம் ஒரு துண்டு கோழி. அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பல ஊர்களில் போலீஸ் நாய்களுக்கும் போட்டி நாய்களுக்கும் ஸிட்ஸ் (உட்கார்), பிளாட்ஸ் (படு), ஃபூஸ் (கூடவே நட) என்று ஜெர்மன் வார்த்தைகளில் கட்டளை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி இன நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டது. அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சேஸர் அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண வீட்டு நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடமே கேட்டு 2022-இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் ஒரு நாய்க்குச் சராசரியாக 89 வார்த்தைகள், சொற்றொடர்கள் புரிவதாக வந்தது. அப்படியிருக்க, உட்காருவதற்கு இரண்டு வார்த்தை இருந்தால் நாய் குழம்பிவிடும் என்பதை எப்படி ஏற்பது?

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாரா குவாயா என்ற ஆராய்ச்சியாளர் தன் நாய் குன்-குன்னைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவிலிருந்து ஹங்கேரிக்குக் குடிபோனார். அதுவரை ஸ்பானிஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த நாய். சுற்றிலும் திடீரென்று வேறு மொழி. இது நாய்க்குத் தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம். புடாபெஸ்ட்டில் 18 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஒரே கதையை ஸ்பானிஷிலும் ஹங்கேரியனிலும் வாசித்துக் காட்டினார்கள். பழகின மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாய்களின் மூளை வெவ்வேறு விதமாக வேலை செய்தது. வயசான நாய்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. நாம் பேசுவதை அவை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். தமிழில் பழக்க ஆரம்பித்தபோதுதான் இது எனக்கே உறைத்தது. அம்மா ஒரே நாளில் உட்காரு, ஒக்காரு, ஒக்காருடி, ஒக்காந்துக்கோ என்று நான்கு விதமாகச் சொல்வார். நமக்கு எல்லாம் ஒன்று. பஞ்சுவுக்கு நான்கும் வேறு வேறு. எனவே அம்மா வாயில் தானாக எது வருகிறதோ அதையே எல்லோரும் சொல்வது என்று முடிவுசெய்தோம். 'ஒக்காரு' நிலைத்தது.

அடுத்த சிக்கல், ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கும் வார்த்தைகள். ஒரு வார்த்தையில் ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் நாய்களின் மூளை அந்த வித்தியாசத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்று அதே புடாபெஸ்ட்டில் 2020-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எங்கள் கூடத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். 'படு' என்று பழக்கினோம், வாயில் இருப்பதைப் போடச் சொல்ல 'விடு' என்று பழக்கினோம். செருப்பைக் கவ்விக்கொண்டிருக்கும்போது 'விடு' என்றால், செருப்போடு படுத்துக்கொள்ளும். 'இரு' என்றால் 'ஒக்காரு' என்று எடுத்துக்கொள்ளும், இரண்டும் 'ரு'வில் முடிகின்றன. இரண்டு மொழி புழங்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மகளின் 'நோ'வும் அம்மாவின் 'போ'வும் அதன் காதுக்கு அக்கா தங்கை. குரைக்கும்போது அம்மா "கம்முனு இரு" என்று அதட்டினால் பஞ்சு ஓடிவந்து காலடியில் நிற்கும். அதற்குக் கேட்டது 'கம்' மட்டும்!

ஒவ்வொன்றாக மாற்றினோம். 'நோ' போய் எல்லோருக்கும் 'வேணாம்'. 'இரு'வுக்குப் பதில் 'அப்படியே'. 'விடு'வுக்குப் பதில் அம்மா கண்டுபிடித்தது 'துப்பு'. வேறு எந்தக் கட்டளையோடும் ஒட்டாத, வெடித்து வருகிற வார்த்தை. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைவிட நல்ல வார்த்தை தந்திருக்காது என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

கூப்பிட 'வா வா வா' என்று குட்டிக் குட்டியாக, வேகமாக. நிறுத்த 'நில்ல்ல்லு' என்று ஒரே இழுப்பாக. பட்ரிசியா மெக்கானல் என்ற விலங்கு நடத்தை நிபுணர், நாய்களையும் குதிரைகளையும் பழக்கும், பல மொழிகள் பேசுகிற பயிற்றுநர்களின் குரல்களைப் பதிவுசெய்து பார்த்து, மிருகத்தைக் கிளப்ப அடுக்கடுக்கான குறுஞ்சத்தமும், நிறுத்தவும் அடக்கவும் நீண்ட சத்தமும் எங்கும் பயன்படுவதைக் காட்டினார். நம் ஊரில் கோழிக்குப் பா பா பா, நாய்க்குத் தோ தோ தோ, வண்டிமாட்டை நிறுத்த ஹோ...வ். பாட்டிமார்களுக்கு இது எப்பவோ தெரியும்.

பழக்கிய முறையையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள். புது வார்த்தை முதலில் வரவேண்டும். 'ஒக்காரு' என்று சொல்லி, ஒரு விநாடி விட்டு, அப்புறம் தெரிந்த 'சிட்'. உட்கார்ந்ததும் தீனி. இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலோ பழசை முதலில் சொன்னாலோ அது புதுசைக் கேட்கவே கேட்காது. சில நாளில் அந்த ஒரு விநாடி இடைவெளியிலேயே உட்கார ஆரம்பிக்கும். அப்போது 'சிட்'டை விட்டுவிடலாம். முதல் வார்த்தை உறுதியான பிறகுதான் இரண்டாவது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆறு கிலோ நாய்க்கு முழு பிஸ்கட் என்பது பெரிய சாப்பாடு. வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையசைவு காட்டினால் அதன் கண் மட்டத்தில் காட்டுங்கள். மேலிருந்து கவிந்தால் சின்ன நாய் மிரளும்.

சின்ன நாய் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு ஆதங்கமே உண்டு. தூக்கிவிடலாம் என்ற தைரியத்தில் யாரும் ஒழுங்காகப் பழக்குவதில்லை. வராவிட்டால் தூக்கு, குரைத்தால் தூக்கு, படியில் நின்றால் தூக்கு. என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. குனிந்து தூக்க முடியாது. அவருக்கு இருப்பது வாய் ஒன்றுதான். அந்த வாயில் இருப்பது தமிழ். அது நாய்க்குப் போய்ச் சேரவில்லை என்றால், நாயோடு தனியாக இருக்கும் நேரமெல்லாம் இருவருக்குமே ஆபத்து.

ஆறு வாரம் ஆயிற்று. அம்மா பாராட்டும்போது 'குட் கேர்ள்' சொல்வதில்லை, "சமத்து, என் தங்கம்" என்பார். பஞ்சு அதற்கு உடம்பையே ஆட்டும். பாராட்டுச் சொல்லும் பாராட்டுகிற குரலும் சேர்ந்தால்தான் நாயின் மூளை அதைப் பரிசாக எடுத்துக்கொள்கிறது என்று ஹங்கேரி ஆராய்ச்சியாளர் ஆட்டிலா ஆண்டிக்ஸின் குழு 2016-இல் காட்டியது. அம்மாவின் குரல் தமிழில்தான் அப்படிக் குழையும்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் பிரஷர் மாத்திரை ஒன்று கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கிறது. பஞ்சு முந்திக்கொண்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா நாற்காலியை விட்டு எழாமலே "பஞ்சு, துப்பு" என்றிருக்கிறார். நான் வந்தபோது எச்சில் காயாத அந்த மாத்திரையை ஒரு காகிதத்தில் வைத்திருந்தார். எனக்குக் காட்டத்தான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தெலுங்கு. அவர் 'ரா' என்று கூப்பிட்டால் பஞ்சு முதல் நாளே வந்துவிட்டது, 'வா'வுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருக்கும். இந்த வாரம் இருவரும் 'கூர்ச்சோ' பழகுகிறார்கள். இன்னும் பிடிபடவில்லை, அக்கா சொன்னதும் பஞ்சு அம்மா முகத்தைத்தான் பார்க்கிறது.