போகிறவர்களுக்கு மட்டும்தானா கைதட்டல்?

பள்ளி இறுதி வகுப்பு முடிக்கிற பிள்ளைகளை வாழ்த்தும் பதிவுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளை, பெரிய நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளை என்று படங்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன கிராமத்துப் பள்ளிகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் படத்தில் இல்லாத பிள்ளைகளைத் தேடுகிறது. அவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. பதிவு நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகுப்பில் இருபது பேர்கூட இல்லாத பள்ளிகளைச் சொல்கிறேன். நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான். அங்கே ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கடைசி வகுப்பிலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அறிவியல் நடத்துகிற ஆசிரியரே கணக்கும் நடத்துவார், சாயங்காலம் விளையாட்டையும் அவரே பார்த்துக்கொள்வார். அக்கா நன்றாகப் படித்தவள் என்றால் தம்பி வகுப்புக்குள் கால் வைக்கும்போதே அவன்மேல் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். அண்ணன் அடிதடியில் பேர் வாங்கியிருந்தால் அந்தப் பேரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேடையில் ஒருமுறை பேச்சு மறந்து நின்றவனை, பள்ளியை விட்டுப் போகும்வரை யாரும் மறக்க மாட்டார்கள். நெருங்கிய தோழியோடு சண்டை வந்துவிட்டால் போய் ஒட்டிக்கொள்ள வேறொரு கூட்டம் கிடையாது. இந்தக் கஷ்டங்கள் எல்லாம் உண்மை. சின்னப் பள்ளியைச் சொர்க்கம் என்று சொல்கிறவர்கள் அதில் தனித்து விடப்பட்ட ஒரு பிள்ளையிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

அதே பள்ளியில் இன்னொன்றும் நடக்கிறது. ஆள் குறைவு என்பதால் ஒவ்வொருவரும் தேவைப்படுகிறார்கள். நாடகம் போட வேண்டுமா? கூச்ச சுபாவம் உள்ளவனும் வேஷம் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாடகமே இல்லை. அணிக்கு ஆள் சேர வேண்டுமா? ஓட்டத்தில் கடைசியாக வருகிறவளும் களத்தில் இறங்க வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1934-இல் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தாட்டத்தையே மாற்றி அமைத்தார். ஓர் அணிக்கு 11 பேர் வேண்டும், சின்னப் பள்ளிகளில் அத்தனை பையன்கள் இல்லை. சரி, 6 பேர் போதும் என்று விதிகளை எழுதினார். முதல் ஆட்டத்துக்கு அந்த ஆறு பேர் அணிகளைக்கூட இரண்டிரண்டு பள்ளிகள் சேர்ந்துதான் அமைத்தன. ஆட்டம் 19-19 என்று சமனில் முடிந்தது. அந்த ஆட்டம் இன்றும் அங்கே சின்னப் பள்ளிகளில் ஆடப்படுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றினார் பாருங்கள், அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பள்ளிகளை நடத்துகிற பெரிய இடங்களில் இந்த மனசு அபூர்வம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் வெளியிட்ட அறிக்கையில், கடைசி வகுப்பில் 100 பேராவது இல்லாத உயர்நிலைப் பள்ளியால் தரமான பாடத்திட்டத்தைத் தர முடியாது, அவற்றை இணைத்துவிடுங்கள் என்று சொன்னார். அவர் சொன்ன காரணத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல், உயர்கணிதம் இல்லாமல், வேறொரு மொழி படிக்க வழியில்லாமல் ஒரு பிள்ளை பள்ளியை முடிப்பது அநியாயம்தான். இணைப்பு வேலை அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஒவ்வொரு வட்டாரத்தின் பள்ளிகளையும் நிர்வகிக்கிற அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். 1940 வாக்கில் 1,17,000-க்கு மேல் இருந்த அந்த மாவட்டங்கள் இன்று சுமார் 13,000. ஊர்ப் பள்ளி மூடப்பட்ட இடங்களில் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே பேருந்துக்காக நிற்கிறார்கள். மாலையில் ஒத்திகைக்கோ விளையாட்டுக்கோ இருந்தால் திரும்பிப் போக வண்டி இல்லை. பெரிய பள்ளியில் எல்லாம் இருக்கிறது, தூரத்துப் பிள்ளைக்கு அதில் பாதி கைக்கு எட்டாது.

கோனன்ட் அறிக்கைக்கு ஐந்து ஆண்டு கழித்து, 1964-இல், ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறொரு பதிலைக் கொண்டுவந்தார்கள். பார்க்கர் கான்சாஸ் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் குடும்பத்தோடு குடியேறி, ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்தவர். கிழக்கு கான்சாஸில் 35 பேர் படிக்கிற பள்ளியிலிருந்து 2,000-க்கு மேல் படிக்கிற பள்ளிவரை 13 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பள்ளியில் மன்றங்களும் அணிகளும் அதிகம்தான். ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடுகிற வேகத்தில் வாய்ப்புகள் கூடவில்லை. சின்னப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகமாகப் பங்கெடுத்தார்கள், பொறுப்புகளையும் அதிகமாகச் சுமந்தார்கள். என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். படிப்பில் தடுமாறுகிற, எப்போது வேண்டுமானாலும் பள்ளியை விட்டுவிடக்கூடிய பிள்ளைகள் பெரிய பள்ளியில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார்கள். சின்னப் பள்ளியில் அவர்களுக்கும் “நீ வரணும், நீ இல்லாம முடியாது” என்ற அழைப்பு வருகிறது.

இதை எழுதும்போது ஜப்பான் ரயில் கதை சிலருக்கு நினைவு வரலாம். ஒரே ஒரு மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தையே மூடாமல் வைத்திருந்தார்கள் என்று 2016-இல் உலகம் முழுக்கப் பகிர்ந்தோமே, அதுதான். ஹொக்கைடோவில் பள்ளிக்கு ரயிலில் போன மாணவி இருந்தது உண்மை. ஆனால் பகிரப்பட்ட நிலையத்தின் பெயரே தவறு. அந்தப் பாதையில் மூடப்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள், அவை மூடப்பட்டது வழக்கமான மார்ச் மாதக் கால அட்டவணை மாற்றத்தின்போது. கண் கலங்க வைக்கிற அந்தக் கதையைவிட, அதே ஜப்பானில் ஷிமானே மாநிலத்தின் ஒகி தீவுகளில் நடந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கே டோசென் உயர்நிலைப் பள்ளியில் 2008 வாக்கில் மாணவர் எண்ணிக்கை 90-க்குக் கீழே போய்விட்டது. பள்ளி மூடப்பட்டால் 15 வயதில் பிள்ளைகள் தீவை விட்டுப் போக வேண்டும், கூடவே குடும்பங்களும் போய்விடும் என்று ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. பள்ளியைக் காப்பாற்ற ஊரே சேர்ந்து வேலை செய்தது. பள்ளிக்குப் பக்கத்தில் பொதுக் கற்றல் மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியூர்ப் பிள்ளைகளைத் தீவுக்கு வந்து படிக்க அழைத்தார்கள். ஊரின் பிரச்சினைகளையே பாடமாக எடுத்துப் படிக்க வைத்தார்கள். எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சின்னப் பள்ளி ஆண்டுக்கணக்கில் “நீ இல்லாம முடியாது” என்று சொல்லி வளர்க்கிறது. கடைசி ஆண்டில் மட்டும் திடீரென்று பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறது, போகிறவர்கள் என்றும் இருக்கிறவர்கள் என்றும். போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப ஆசிரியர் பக்கத்தில் உட்காருகிறார், உதவித்தொகை தேடித் தருகிறார், மேடையில் பெயர் சொல்லிக் கைதட்ட வைக்கிறார். இருக்கிறவர்களிடம் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கேட்டாலும் அந்தக் கேள்வியில் ஓர் இரக்கம் தொனிக்கும். அந்த இரக்கம்தான் வலிக்கும்.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. பாட்ரிக் கார், மரியா கெஃபாலஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் போய்த் தங்கி, அங்கே பள்ளி முடித்தவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களும் பெரியவர்களும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தங்கள் நேரத்தையும் அக்கறையையும் கொட்டி, ஊரை விட்டு அனுப்பிவைக்கிறார்கள். ஊரில் தங்கப்போகிற பிள்ளைகளுக்கு மிகக் குறைவாகவே தருகிறார்கள். ஊர் காலியாவதற்கு ஊரே இப்படித் துணைபோகிறது என்று அவர்கள் எழுதினார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. பாசத்தில்தான் செய்கிறார்கள். பிள்ளை எங்காவது போய் நன்றாக இருக்கட்டும் என்ற அந்த ஆசையை நான் எப்படிக் குறை சொல்வேன்?

போகிறவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. போக நினைக்கிற பிள்ளைக்குக் கதவு திறந்தே ஆக வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 1997-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதன் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்றது அது. பணக்காரப் புறநகர்ப் பள்ளிப் பிள்ளையோடு போட்டி போடத் தேவையில்லை, உன் பள்ளியில் நீ முன்னால் இருந்தால் போதும். கிராமப்புறத் தொகுதிகளின் உறுப்பினர்களும் அதை ஆதரித்தார்கள். அதுவரை பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒருவரைக்கூட அனுப்பியிராத பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் போனார்கள். நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இடம் கிடைத்த பிறகு வரும் முதல் ஆண்டையும் யாராவது கவனிக்க வேண்டும். பெயரைச் சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்த ஊரிலிருந்து வந்த பிள்ளை, நானூறு பேர் உட்கார்ந்த அரங்கில் யாருக்கும் தெரியாமல் நிற்கிறது. சந்தேகத்தை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்றே தெரியாது. ஊரில் ஆசிரியரே கூப்பிட்டுக் கேட்டிருப்பார். யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருக்கிற அந்தப் பழக்கம் பிள்ளையின் திறமைக் குறைவாக அங்கே தெரிகிறது.

அப்புறம், தங்குகிற பிள்ளைகள். பத்து வருடம் கழித்து அந்த ஊரைத் தூக்கி நிறுத்துவது யார்? குடிநீர்க் குழாய் உடைந்தால் நள்ளிரவில் வருகிறவன், வயதானவர்களுக்கு மருந்து வாங்கித் தருகிறவள், நிலத்தில் நிற்கிறவன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பள்ளியில் அடுத்த வகுப்புகளை நிரப்பப்போவதும் அவர்கள் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பள்ளி என்ன கொடுத்தது? கணக்கு எழுத, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள, கடன் வாங்கும்போது வட்டியைச் சரிபார்க்க, ஒரு தொழிலைச் சான்றிதழோடு முறையாகக் கற்க யாராவது வழி காட்டினார்களா? பெரும்பாலும் இல்லை. “நீ படிப்புக்கு லாயக்கில்லை” என்பதை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். அதைக் கேட்டுக் கேட்டு, ஊரில் இருப்பதையே தோல்வியாக நினைத்துத் தலை குனிந்து நடக்கிற திறமைசாலிகளை எனக்குத் தெரியும். என் வகுப்பிலேயே இருந்தார்கள். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்கிற ஒருவனுக்குப் பள்ளி கொடுத்த ஒரே சான்று, தேர்ச்சிக்குப் போதுமான மதிப்பெண் பட்டியல்.

பணமே இல்லாமல் மாற்றக்கூடியவை நிறைய இருக்கின்றன. இருபதுக்குள்தான் பிள்ளைகள் என்றால், ஒவ்வொருவரோடும் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேச ஒரு பள்ளியால் முடியும். பெரிய பள்ளியால் முடியாத காரியம் அது. போகிறவளிடம் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், அங்கே ஏற்கெனவே படிக்கிற பழைய மாணவியின் எண்ணைக் கொடுக்கலாம். தங்குகிறவனிடம் எந்தத் தொழில், யாரிடம் கற்கப்போகிறாய், எத்தனை மாதத்தில் தனியாகச் செய்ய முடியும் என்று அதே அக்கறையோடு கேட்கலாம். பழைய மாணவர்களைப் பேச அழைக்கும்போது, வெளியூரிலிருந்து வருகிறவரோடு ஊரிலேயே நன்றாக வாழ்கிறவரையும் அதே மேடையில் உட்கார வையுங்கள். போய்விட்டுத் திரும்பி வந்தவர்களையும் கூப்பிடுங்கள், “ஏன் திரும்பி வந்துட்டே?” என்று துருவாமல்.

இந்த ஆண்டு ஏதாவது ஒரு சின்னப் பள்ளியின் பிரிவு விழாவில் பேசப்போகிற ஆசிரியர்களோ பெற்றோர்களோ இதைப் படித்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று மதிப்பெண்களோடு நிறுத்திவிடாதீர்கள். இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வாசியுங்கள், அவர்கள் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இருபது பேருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. சொல்ல ஒரு வரி கிடைக்காத பிள்ளை யாராவது இருந்தால், விழாவுக்கு முன்பே போய் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள்.