யாருக்கும் நோகாமல் ஒரு படம்

விசுவமடுவில் பிள்ளைகள் போட்ட நாடகத்தைப் படமாக்கிச் சனிக்கிழமை கிளிநொச்சியில் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பற்றியும், நாடகத்தின் ஒரு காட்சி அதில் இல்லாதது குறித்துப் பின்னர் மண்டபத்தில் எழுந்த வாக்குவாதத்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டீர்கள். ஆகவே கதையை நான் மறுபடியும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நாடகம் எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியைப் படத்திலிருந்து எடுத்தது யாருக்காக?

நாடகத்தில், பெண்பார்க்க வந்தவர்கள் எழுந்து போன பின்னர், முன்னாள் போராளியான அந்தப் பெண் தேநீர்த் தட்டோடு மேடையை விட்டிறங்கி, முன்வரிசைப் பெரியவர் ஒருவரிடம் நேரே போய், "ஐயா, உங்கட மகனுக்கு என்னைச் செய்து வைப்பியளோ?" என்று கேட்டுவிட்டு அசையாமல் நிற்பாள். விசுவமடுவில் அன்று அகப்பட்டவர் சால்வையைச் சரிசெய்தார், பின்னால் யாரோ செருமினார், பதில் வரவில்லை. படத்திலோ அவள் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிறாள், வயலின் அழுகிறது, ட்ரோன் மேலே போகிறது. அழகான காட்சிதான். யாருக்கும் நோகாது.

"மேடை வேறு, திரை வேறு" என்று பாடம் எடுக்க வருவோருக்கு: திரையிலிருந்து யாரும் இறங்கிவர முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் கமராவைப் பார்த்துக் கேட்கலாமே. 1954 இல் 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தைப் படமாக்கிய கிருஷ்ணன் - பஞ்சு எம்.ஆர். ராதாவின் வாயைக் கட்டிப்போடவில்லை. குட்டரோகியான பின்னரும் ராதா நடித்த மோகனசுந்தரம் ஊரை நக்கலடித்துக்கொண்டேதான் திரிகிறான். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1981 இல் பாலசந்தரிடம் போனபோதும் அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டு அப்படியே படத்துக்குள் வந்தது.

தணிக்கையைச் சாட்டுச் சொல்ல வேண்டாம். பொது அரங்கில் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் படத்துக்கு மட்டுமல்ல, நாடகத்துக்கும் உண்டு.

"போராளிகளைக் கொச்சைப்படுத்துகிற காட்சி" என்று நாடகத்தின் அந்தக் காட்சியைப் பற்றி ஒருவர் மண்டபத்தில் சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்னாள் போராளியான என் சித்தியின் மகள் அரசின் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த பின்னர் அவளைப் பார்க்க வந்த குடும்பம் குறிப்புப் பொருத்தம் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தது, கையிலிருந்த தழும்பைக் கண்டதும் மாப்பிள்ளையின் தாயார், "பிள்ளை எந்தப் பிரிவில இருந்தவ?" என்று கேட்டார். வைத்த தேநீரை ஒருவரும் தொடவில்லை. கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாளில், இறந்த போராளிகளின் துயிலுமில்லத்தில் அந்தக் குடும்பத்தையும் காண்கிறேன், விளக்கோடு. இறந்தவர்கள் எங்கள் பிள்ளைகள். உயிரோடு திரும்பியவளுக்கு மட்டும் செவ்வாய் தோஷம். இதில் யார் யாரைக் கொச்சைப்படுத்தியது?

"சனம் ஏற்றுக்கொள்ளாது" என்கிறார் இயக்குநர். சனத்தைச் சங்கடப்படுத்தத்தானே அந்தப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள்! புலம்பெயர் நாட்டில் காசு போட்டவருக்குக் கண்ணீர் வேண்டும், கேள்வி வேண்டாம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

"அப்படியென்றால் நீயே எடுத்துக் காட்டு" என்று கீழே எழுதப் போகிறீர்கள். என்னிடம் கமராவும் இல்லை, காசும் இல்லை. ஆனால் நாடகக்காரப் பிள்ளைகள் இன்னொரு முறை மேடையேற்றுவதானால் மண்டப வாடகையைச் சேர்த்துத் தருகிறேன். முன்வரிசையில் இயக்குநருக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.