ருவென்சோரி போகிறவர்களுக்கு: சேற்றைத் திட்டாதீர்கள்

"பனி மொத்தமும் உருகுவதற்குள் ருவென்சோரி ஏறிவிட வேண்டும், குறைந்தது எத்தனை நாள் ஆகும்?" ட்ரெக்கிங் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவசியம் போங்கள். ஆனால் பனியை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவருவதற்காகப் போனால், அந்த மலையைப் பார்க்காமலேயே திரும்புவீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

உகாண்டாவின் மேற்கு எல்லையில், காங்கோவை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது இந்த மலைத்தொடர். இதன் மார்கரிட்டா உச்சி 5,109 மீட்டர். ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோவுக்கும் கென்யா மலைக்கும் அடுத்த இடம். அவை இரண்டும் எரிமலைகள். இதுவோ பிளவுப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் பழம்பாறை அப்படியே மேலே தூக்கப்பட்டு உருவானது. 1906இல் இத்தாலிய இளவரசர் லூயிஜி அமேதியோவின் குழு உச்சியைத் தொட்டபோது ஆறு மலைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பனியாறுகள் இருந்தன. மொத்தப் பரப்பு சுமார் 7.5 சதுர கிலோமீட்டர். 2003 வாக்கில் அது ஏறத்தாழ 1 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. உலகப் பாரம்பரியக் களங்களில் இருக்கும் ஆப்பிரிக்கப் பனியாறுகள் 2050க்குள் மறைந்துவிடக்கூடும் என்று யுனெஸ்கோ 2022இல் எச்சரித்தது. அதனால் அவசரப்படுகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒன்று. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் பனி உருகி வரும் தண்ணீரின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறுகளை ஓட வைப்பது மழை. அந்த மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காடும் சதுப்பும். ஏறும் வழியில் தங்கும் ஜான் மட்டே குடிலைத் தாண்டியதும் வரும் பீகோ சதுப்பில் கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) முழங்கால்வரை புதையும்போது எல்லோரும் திட்டுகிறோமே, அந்தச் சேறுதான் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர். பலகைப் பாதை போட்டிருக்கும் இடங்களில் அதன் மேலேயே நடங்கள். கோரைத் திட்டுகளை மிதித்துப் புதுத் தடம் போடாதீர்கள்.

சேற்றில் மெதுவாக நடக்கிறவருக்குத்தான் செடிகள் கண்ணில் படும். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ராட்சத லொபீலியா, இரவு உறைகுளிரில் இலைகளை மூடிக் குருத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. செனீசியோ மரம் தன் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிக் கம்பளியாகப் போர்த்தியிருக்கிறது. பகல் வெயிலையும் இரவுப் பனியையும் ஒரே நாளில் தாங்கப் பழகிய உயிர்கள் இவை. கீழே தாடிப்பாசி தொங்கும் ஹீத் என்ற புதர்மரக் காட்டுக்குள் மூடுபனி நுழையும் நேரத்தில் நானாக நின்றுவிட்டேன். அங்கே நிற்பதற்கு நேரம் வைத்துக்கொள்ளாத பயணத்திட்டம் எதற்கு?

பனியாறு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் வாழும் பகோன்சோ மக்களுக்கு அந்தப் பனிமுகடு தெய்வம் இருக்கும் இடம். கித்தசம்பா அங்கே உறைகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் படத்துக்குப் பின்னணியாகப் பார்ப்பது உருகும்போது, அவர்கள் இழப்பது வேறு. கைடுகளும் போர்ட்டர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். கிளர்ச்சிக் குழுவின் தாக்குதல்களால் 1997 முதல் 2001 வரை இந்த மலையை உள்ளடக்கிய தேசியப் பூங்கா மூடிக் கிடந்தபோது, அந்த வேலையும் இல்லாமல் போனது. 2020 மே மாதம் மலையிலிருந்து இறங்கும் நியாம்வாம்பா ஆறு பெருக்கெடுத்து, அடிவாரத்தில் உள்ள கிலெம்பே மருத்துவமனையைச் சிதைத்தது. இவ்வளவையும் தாங்கி நிற்கிறவர்களிடம் கூலியைக் குறைத்துப் பேரம் பேசுவதையும், மலிவுக் கணக்குக்காகப் பயண நாட்களை வெட்டுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நாட்களை வெட்டுவது ஆபத்தும்கூட. எலேனா குடில் 4,541 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து விடியலுக்கு முன் தலைவிளக்கோடு கிளம்பி, பூட்ஸில் கிராம்பான் என்ற இரும்பு முட்களை மாட்டி, ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு பனியாறுகளைக் கடந்துதான் மார்கரிட்டா. முன்பு பனியில் நடந்த இடங்களில் இப்போது வழுக்கும் பாறை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். பனி குறையக் குறைய வழி சுலபமாகிறது என்று நினைக்காதீர்கள். உயரத்துக்கு உடம்பு பழகாமல் அந்த இருட்டில் அங்கே போய் நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கும் நல்லதல்ல.

ஏழெட்டு நாளாவது ஒதுக்குங்கள். மழை ஓரளவு குறைவான டிசம்பர்–பிப்ரவரி அல்லது ஜூன்–ஆகஸ்ட் பாருங்கள். அப்போதும் மழைக்கோட்டு பைக்குள் இருக்கட்டும். முடிந்தால் உச்சிக்குப் பிறகு கித்தண்டாரா ஏரிகள் வழியாக இறங்குங்கள். மேலே போகும் வழியில் கைடு "இதோடு போதும், திரும்பலாம்" என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். உச்சி தொடவில்லை என்பதற்காக அவருக்கும் போர்ட்டர்களுக்கும் கொடுக்க நினைத்த அன்பளிப்பில் ஒரு ஷில்லிங்கூடக் குறைக்காதீர்கள்.