சிவப்பை மட்டும் பார்த்து ஜோடி போடாதீர்கள்

ட்ரிபிள் ரெட் காக்கட்டூ என்ற சிவப்புத் துடுப்பு அலங்கார மீனில் ஆண் ஒன்று விற்பனைக்கு வந்தால் போதும், அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். அதே ஈட்டில் (ஒரே தடவை இட்ட முட்டைகளில்) பிறந்த பெண்ணைச் சும்மா தருகிறேன் என்றாலும் வாங்க ஆள் வருவதில்லை. அபிஸ்டோ (அபிஸ்டோகிராமா என்ற சிறு மீன் வகை) வளர்ப்பில் எனக்கு இருக்கிற பெரிய கவலையே இதுதான். அந்த ஆணின் சிவப்பில் பாதியைக் கொடுத்ததே ஒரு பெண்தான் என்பதை மறந்துவிட்டு நாம் தேர்வு செய்துகொண்டிருக்கிறோம்.

காக்கட்டூ, அதாவது அபிஸ்டோகிராமா ககாடுவாய்டிஸ், மேற்கு அமேசான் பகுதி மீன். 1951-ல் அறிவியல் பெயர் பெற்றது. ஓடையில் பிடித்த ஆணைப் பார்த்தால் உடம்பு சாம்பலும் மஞ்சளுமாக இருக்கும். வாலில் கொஞ்சம் ஆரஞ்சு, ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளிகள், கொண்டை மாதிரி தூக்கி நிற்கும் முதுகுத் துடுப்பு. அவ்வளவுதான். வாலிலும் முதுகுத் துடுப்பிலும் சிவப்பு ஏறினால் டபுள் ரெட், அடித்துடுப்பிலும் ஏறினால் ட்ரிபிள் ரெட். இதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த நிறம். ஒரே ஒரு மரபணுவில் வந்து நிற்கிற விஷயம் இல்லை. அதனால்தான் நல்ல ட்ரிபிள் ரெட் ஜோடியின் குஞ்சுகளிலும் ஒன்று அப்பனைப் போல ஜொலிக்கும், இன்னொன்று வெறும் வாலோடு நிற்கும்.

பெண்ணிடம் இந்தச் சிவப்பு வெளியே தெரியாது, தெரிந்தாலும் வால் ஓரத்தில் லேசாகத்தான். பிறகு பெண்ணை எதை வைத்துப் பொறுக்குவது? அவளுடைய அண்ணன் தம்பிகளைப் பாருங்கள். ஓர் ஈட்டில் ஆண்களில் பெரும்பாலானவை நன்றாக நிறம் பிடித்திருந்தால், அந்த ஈட்டின் பெண்கள் பொன். நூற்றில் ஒரே ஒரு அற்புத ஆண் வந்த ஈட்டைவிட, எல்லா ஆணும் சுமாருக்கு மேலே வந்த ஈட்டையே நான் எடுப்பேன். இதற்கு ஒவ்வோர் ஈட்டையும் தனித்தனித் தொட்டியில் வளர்க்க வேண்டும், தொட்டியில் தேதியும் பெற்றோர் விவரமும் ஒட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் பலர் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே பெரிய தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். அந்த நிமிடமே பெண்களைப் பற்றிய தகவல் மொத்தமும் போய்விட்டது.

அடுத்தது வெப்பம். ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் 33 அபிஸ்டோ இனங்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். குஞ்சுகள் ஆணாவதும் பெண்ணாவதும் ஆரம்ப வாரங்களில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. சூடு கூடக் கூட ஆண்கள் கூடும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். கோடையில் எடுத்த ஈடு பெரும்பாலும் ஆணாக வந்தால் விற்கிறவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த லைனை (வம்சத்தை) அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக நாலைந்து பெண்கள்தான் மிஞ்சும். அதிலேயே திரும்பத் திரும்ப ஜோடி போட்டால் ரத்தம் சுருங்கி, குஞ்சு நோஞ்சானாகும், முட்டை குறையும். லைனைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மார்கழி, தையில் ஓர் ஈடாவது எடுத்து, 25, 26 டிகிரியில் வளர்த்துப் பெண்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது தாய்மை. முட்டையிட்ட பெண் காக்கட்டூவைக் கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதுவரை மங்கலாக இருந்தவள் எலுமிச்சை மஞ்சளாகி, கன்னத்திலும் வயிற்றுத் துடுப்பிலும் மை தீட்டியதுபோல் கறுத்துவிடுவாள். தொட்டியில் கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சியின் உள்கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும், வாசலில் அவள் நிற்பாள். ஆண் அவளைவிடப் பெரியவன். இருந்தும் கிட்டே வந்தால் துரத்தி அடிப்பாள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகு, நம் கை நிழல் தொட்டியில் விழுந்ததும் உடம்பை வெடுக்கென்று உதறுவாள். அத்தனை குஞ்சும் அந்தக் கணமே தரையில் படிந்து அசையாமல் கிடக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இது வருகிறது, தேர்வு செய்யாமல் விட்டால் போயும்விடும்.

ராம் என்ற இன்னொரு சிறு அலங்கார மீனைப் பாருங்கள். 1948-ல் விவரிக்கப்பட்ட, தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுச் சமவெளி மீன். அங்கே அப்பனும் அம்மாவும் சேர்ந்து குஞ்சைக் காப்பாற்றும். பண்ணையில் முட்டையோடு கல்லை எடுத்து, மெத்திலீன் ப்ளூ என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்து போட்ட தண்ணீரில் பொரிக்க வைக்கிறார்கள். முட்டையைத் தின்கிற ஜோடியும் காப்பாற்றுகிற ஜோடியும் அங்கே ஒரே கணக்கு, இரண்டின் வாரிசும் பிழைக்கும். இப்படியே தலைமுறைகள் போனால் என்ன மிஞ்சும்? இன்று கடையில் வாங்குகிற ராம் ஜோடிகளில் பல, இட்ட முட்டையை மறுநாளே தின்று தீர்ப்பதற்கு இதுவும் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. முதுகெலும்பு சுருங்கிய பலூன் ராமை அழகு என்று விற்பதைப் பற்றிப் பேசவே மனசு வரவில்லை. அது ஊனம். அதைப் பெருக்கவே கூடாது.

முட்டையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இளம் பெண் முதல் ஓரிரு ஈட்டைத் தின்பது சகஜம், அவளுக்கு அவகாசம் கொடுங்கள். குஞ்சுகள் நன்றாக நீந்தி ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் இரையைத் தின்னத் தொடங்கியதும் பாதியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், பாதி தாயோடு இருக்கட்டும். வாய்ப்பு கொடுத்தும் திரும்பத் திரும்பத் தின்கிற பெண்ணின் குஞ்சு எவ்வளவு சிவப்பாக வந்தாலும் அடுத்த ஜோடிக்கு வைக்காதீர்கள். அழகுக்காக வளர்ப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரிலோ ஆன்லைனிலோ ஜோடி கேட்கும்போது, துடுப்பு நிறத்தோடு இதையும் கேளுங்கள்: இது தாய் வளர்த்த குஞ்சா, முட்டை எடுத்து வளர்த்ததா? தாய் வளர்த்தது என்று வீடியோவோடு காட்டுகிறவருக்கு, நிறம் ஒரு படி குறைவாக இருந்தாலும், கூடுதல் விலை கொடுக்க நான் தயார்.